இருபத்திரண்டு தள்ளு, ரெண்டு தட்டு

எண்ணாமல் எதையும் தொடாத என் அப்பாவுக்கு,

உங்கள் போனை இன்னும் வாரம் ஒருமுறை சார்ஜில் போடுகிறேன். "எதுக்குடி கரண்ட வேஸ்ட் பண்ணிக்கினு" என்று அம்மா முணுமுணுப்பாள். ஆனால் நான் மறந்துபோன வாரம் பார்த்தால், அவளே போட்டிருந்தாள். திரையைத் தொட்டதும், அதில் இருப்பதைப் படித்துச் சொல்கிற அந்தக் குரல் பேசுகிறது. நீங்கள் "மேடம்" என்று மரியாதையாகக் கூப்பிடுவீர்களே, அவர்தான். "மேடம் இன்னைக்கு என்னவோ அவசரத்துல இருக்காங்க" என்பீர்கள். வேகத்தைக் குறைத்துக் கொடுத்தால், "இப்பதான் டீ குடிச்சிட்டு வந்திருக்காங்க" என்று சிரிப்பீர்கள்.

இந்தக் கடிதத்தை அந்தப் போனில்தான் ஏற்றப் போகிறேன். மேடமே உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். நான் படித்தால் பாதியில் நின்றுவிடும்.

உங்களிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும், ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். சேதியின் வழியாகத்தான் மன்னிப்புக்கு வர முடிகிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

என் வேலை என்ன என்று நாம் இருக்கிற ஒக்கலிபுரத்தில் யார் கேட்டாலும், "கம்ப்யூட்டர்ல தப்பு கண்டுபிடிக்கிற வேலை" என்று சொல்வீர்கள். என் வேலை நியமனக் கடிதத்தில்கூட அவ்வளவு தெளிவாக எழுதவில்லை அப்பா. கடைகள், ஆஸ்பத்திரிகள், பஸ் கம்பெனிகள் எல்லாம் எங்களிடம் இணையதளம் செய்யச் சொல்வார்கள். செய்து முடித்ததும் நான் ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பார்த்து, "இது சரி, இது சரியில்லை" என்று ரிப்போர்ட் எழுதுவேன். கீழே என் கையெழுத்து இருக்கும். நம் வீட்டில் ஒரு காகிதத்தின் அடியில் கையெழுத்துப் போட்டால் மதிக்கப்படுகிற முதல் ஆள் நான்தான் என்று நீங்கள் அம்மாவிடம் சொன்னது, அடுத்த அறையில் எனக்குக் கேட்டது.

மூன்று மாதத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனை லேப் ஒன்றின் தளம் எங்களிடம் வந்தது. ஊர் முழுக்கக் கிளை வைத்திருக்கிற தனியார் லேப். பார்வை இல்லாத ஒரு பெண், "உங்கள் தளத்தில் என்னால் ஒரு டெஸ்ட் புக் பண்ண முடியவில்லை" என்று மாற்றுத்திறனாளிகளுக்கான ஆணையர் அலுவலகத்தில் புகார் கொடுத்திருந்தார். லேபுக்கு நோட்டீஸ் போனது. தளத்தைச் சரிசெய்து, சோதித்து, எழுத்தில் பதில் கொடுக்க வேண்டும். பதிலோடு சேர்த்து வைக்கப் போகிற ரிப்போர்ட் என்னுடையது.

தனியார் லேபின் மேல் புகார் கொடுக்க முடியும் என்பதே எனக்குப் புதிதாக இருந்தது. சட்டம் என்றால் அரசாங்க ஆபீசுக்கு, ரயில்வே ஸ்டேஷனுக்கு என்றுதான் நினைத்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தச் சட்டத்தை எடுத்துப் படித்தேன். 2016-இல் வந்த சட்டம். அதன் நாற்பத்தாறாம் பிரிவில், சேவை தருகிறவர் அரசாக இருந்தாலும் தனியாராக இருந்தாலும் அந்தச் சேவை மாற்றுத்திறனாளிகள் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. இணையதளத்துக்குக்கூட விதியும் தரமும் எழுதி வைத்திருக்கிறார்கள். 'தனியார்' என்ற அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பப் படித்தேன். டப்பாவில் தயிர்சாதம் காய்ந்துபோனது.

உங்கள் லிஃப்ட் ஞாபகம் வந்தது. எம்.ஜி. ரோடு பக்கத்து ஏழு மாடிக் கட்டடத்தில் இருபது வருஷம் லிஃப்ட் ஆபரேட்டர். சர்க்கரை உங்கள் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்ட கடைசி இரண்டு வருஷமும் யாருக்கும் தெரியாமல் வேலை பார்த்தீர்கள். மூன்றாவது மாடியில் லிஃப்ட் ஒரு உதறல் உதறும், அஞ்சில் கேபிள் முனகும், அதைக் கேட்டுக் கேட்டே மாடியைச் சொல்லிவிடுவேன் என்று பின்னால் சொன்னீர்கள். பிறகு புது லிஃப்ட் போட்டார்கள். கண்ணாடி மாதிரி வழவழவென்ற பலகை. எங்கே தடவினாலும் ஒரு எண் கையில் தட்டாது. அந்தப் பலகை உங்களை வீட்டுக்கு அனுப்பியது. அதையும் இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேள்வி கேட்டிருக்கலாம் என்று உங்களுக்குத் தெரியுமா அப்பா? தெரிந்திருந்தால் கேட்டிருப்பீர்களா?

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம். காலையில் ரத்தம் எடுக்க ஆள் வருவார் என்று நீங்கள் வெறும் வயிற்றில் சட்டையெல்லாம் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். அது இந்த லேப் இல்லை, வேறொன்று. நீங்களே போனில் புக் பண்ணியிருந்தீர்கள். ஆள் வரவில்லை. பதினொரு மணிக்கு அம்மா காபியாவது குடிக்கச் சொன்னாள். "வந்துடுவாரு, குடிச்சா டெஸ்ட் கெட்டுடும்" என்றீர்கள். நான் அரை நாள் வேலை முடிந்து ரெண்டு மணிக்கு வந்தபோது உங்களுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. போனை வாங்கிப் பார்த்தேன். புக் ஆகவே இல்லை. 'பிறகு பார்த்துக்கொள்கிறேன்' என்ற பட்டனை அமுக்கியிருந்தீர்கள். அதை அமுக்கினாலும் அந்தத் தளம் 'நன்றி' என்றுதான் சொல்லும்.

நான் கத்தினேன். ஆபீசில் வாய் திறக்காத நான், வீட்டில் உங்களிடம் கத்தினேன். "உங்களுக்கு எதுக்குப்பா இந்த வேலை? தப்பா அமுக்கிட்டு இப்படிப் பட்டினி கிடக்கணுமா? என்கிட்ட குடுத்தா ஒரு நிமிஷத்துல பண்ணித் தர மாட்டேனா?"

"சரி பாப்பா" என்றீர்கள். அதற்கப்புறம் எல்லா டெஸ்ட் புக்கிங்கும் நான்தான் செய்தேன். நீங்கள் போன பிறகும் வெகுநாள், நான் உங்களுக்கு நல்லது செய்ததாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் போனில் குரல் பதிவுகள் இருப்பதை அம்மாவும் நானும் உங்கள் காரியம் முடிந்த பிறகு கண்டுபிடித்தோம். நாற்பதுக்கு மேல் இருந்தன. கடைசியாக எங்களுக்கு ஏதாவது சொல்லி வைத்திருப்பீர்களோ என்று ஆசையோடு போட்டோம். வெறும் எண்கள். "பதினொண்ணு தள்ளு, ரெண்டு தட்டு. அப்புறம் ஆறு தள்ளு." அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். அதோடு நிறுத்திவிட்டோம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "லிஃப்ட் ஞாபகம்டி அவருக்கு. எந்த மாடியோ என்னவோ. வுட்டுடு" என்றாள். நானும் அப்படித்தான் நம்பினேன். ஐந்து வருஷம் கம்ப்யூட்டரில் தப்பு கண்டுபிடிக்கிற வேலை பார்த்தவளுக்கு, அது என்னவென்று தெரியவில்லை.

லேப் விஷயத்துக்குத் திரும்புகிறேன்.

எங்கள் டீம் லீட் மஞ்சுநாத். எல்லாரும் 'மஞ்சு' என்று கூப்பிடுவார்கள், எனக்கு மட்டும் 'சார்' என்பதைத் தாண்டி வாய் வரவில்லை. நல்ல மனிதர். என்னிடம் பாதித் தமிழ், பாதிக் கன்னடம் பேசுவார். தளம் அணுகக்கூடியதா என்று பார்த்து மார்க் போடுகிற ஒரு கருவி உண்டு. முதலில் அது முப்பது மார்க் போட்டது. பட்டன்களுக்குப் பெயர் இல்லை, படங்களுக்கு விவரம் இல்லை என்று சிவப்பாகக் கொட்டியது. மறுநாள் நூற்றுக்கு நூறு. பச்சை.

"நோடும்மா, சென்டம்! எங்க அப்பா பார்த்தா ஸ்வீட் வாங்கிக் குடுப்பார்" என்றார் சார்.

ஒரே நாளில் எப்படி என்று உள்ளே போய்ப் பார்த்தேன். பெயர் இல்லாத எல்லா பட்டனுக்கும் 'பட்டன்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எல்லாப் படத்துக்கும் 'படம்' என்று. கருவிக்குப் பெயர் இருந்தால் போதும். என்ன பெயர் என்று அது கேட்காது. ஒரு தெருவில் இருக்கிற அத்தனை பேருக்கும் 'ஆள்' என்று பெயர் வைத்து ரேஷன் கார்டு கொடுத்த மாதிரி.

ஆன்லைன் மீட்டிங்கில் இதைச் சொல்லலாம் என்று மைக் பட்டனைத் தொட்டேன். கையை எடுத்துவிட்டேன். சாட்டில் மட்டும், "சார், புகார் கொடுத்த மேடமையே ஒருதடவை கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாமா?" என்று எழுதினேன். "ஒள்ளே ஐடியா" என்று கட்டைவிரல் போட்டார். லேப்காரர்களும் சரியென்றார்கள்.

அப்படித்தான் கஸ்தூரி அக்கா வந்தார். பொம்மனஹள்ளியில் இருக்கிறார். ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேசுகிற வேலை. வெள்ளைக் கோலை மடக்கிக்கொண்டே முதலில் கேட்டது இது:

"கீழ அஞ்சு படி இருக்கு, சாய்வுப்பாதைய காணோமே. நீங்கதான் சட்டம் சரிபாக்கிறவங்களா?"

சார் நெளிந்தார். "அது பில்டிங் ஓனர், மேடம்..."

"நான் எத்தனை படி வேணா ஏறுவேன் தம்பி. வீல் சேர்ல வர்றவங்களுக்காகக் கேட்டேன்."

போனில் தளத்தைத் திறந்து விரலால் தள்ள ஆரம்பித்தார். ஒவ்வொரு தள்ளுக்கும் குரல் அடுத்ததைச் சொன்னது. படம். பட்டன். படம். பட்டன். படம்.

"என்ன தம்பி, கல்யாண ஆல்பமா? மாப்பிள்ளை எங்க நிக்கிறாருன்னாவது சொல்லக்கூடாதா?"

எல்லாரும் சிரித்தோம். அவர் மறுபடி முதலிலிருந்து தள்ளினார். இந்தத் தடவை குரலைக் கேட்கவில்லை. உதடு மட்டும் லேசாக அசைந்தது. ஒரு இடத்தில் நின்று இரண்டு தட்டு. "சர்க்கரைப் பரிசோதனை, வெறும் வயிற்றில். முன்பதிவு முடிந்தது" என்றது போன்.

சார் கைதட்டினார். "ஆய்த்து! புக் ஆய்த்து!"

"பேர் சொல்லலையே தம்பி" என்றார் அக்கா.

"ஆனா புக் ஆயிடுச்சு அல்லவா மேடம்?"

"ஆச்சு..." அக்கா கொஞ்சம் யோசித்தார். முகத்தில் ஒரு பெருமையும் இருந்தது. "ஆச்சுதான்."

'பார்வையற்ற பயனர் ஒருவர் வெற்றிகரமாக முன்பதிவு செய்தார்' என்ற வரியையும் சேர்த்து, நாளை மதியத்துக்குள் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிடச் சொன்னார் சார்.

அக்காவைக் கீழே கொண்டுவிடப் போனேன். லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். கூச்சத்தை விட ஆர்வம் பெரிதாக இருந்தது. "அக்கா, பேரே சொல்லாம அந்த பட்டன எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"எங்கம்மா கண்டுபிடிக்கிறது? எண்ணினேன். புகார் குடுத்ததுக்கு அப்புறம் என் தங்கச்சி பொண்ணு பக்கத்துல உக்காந்து ஒருதடவை சொன்னா, மனப்பாடம் பண்ணிக்கிட்டேன். பதினாலு தள்ளு, ரெண்டு தட்டு. எங்க ஆளுங்க நிறையப் பேரு இப்படித்தான்."

கீழ்த்தளம் வந்து கதவு திறந்தது. நான் இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. "என்னம்மா, வந்துடுச்சுல்ல?" என்றார் அக்கா. கதவைத் திறக்கிற பட்டனை மறுபடி அமுக்கினேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்கள் போனை எடுத்தேன். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்தேன். பதிவுகளை வரிசையாகப் போட்டு, நீங்கள் வைத்திருந்த தளங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, சொன்னபடியே தள்ளினேன். பதினொன்று தள்ளி இரண்டு தட்டினால் கேஸ் சிலிண்டர். இன்னொன்று கரண்ட் பில். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். "இதெல்லாம் நீதானடி பண்றேன்னு நெனைச்சேன்" என்றாள். நான் அவள் பண்ணுகிறாள் என்று நினைத்திருந்தேன்.

பேர் சொல்லாத எத்தனை கதவுகள் அப்பா! ஒவ்வொன்றுக்கும் முதல்தடவை எப்படி வழி கண்டீர்கள்? ஒரு பட்டனைத் தட்டி, தப்பென்று தெரிந்து, திரும்பி வந்து, அடுத்ததைத் தட்டி... எத்தனை மத்தியானம்? எண்ணிக்கொண்டிருக்கும்போது அம்மா ஏதாவது கேட்டால் என்ன செய்வீர்கள்? "சும்மா இரு கொஞ்சம்" என்று அவளிடம் எரிந்து விழுவீர்களே, அதற்குக் காரணம் இதுதானா?

பிறகு நீங்கள் புக் பண்ணுகிற அந்த லேபுக்கான பதிவு வந்தது. "ரத்த டெஸ்ட்டு. இருபத்திரண்டு தள்ளு, ரெண்டு தட்டு. நன்றின்னு சொல்லும். அவ்வளவுதான்." குரலில் ஒரு சந்தோஷம். அந்த மாதம் ஆள் சரியாக வந்தார், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அதற்கு அடுத்த பதிவு, நான் கத்திய செவ்வாய்க்கிழமைக்கு மறுநாள்:

"ரத்த டெஸ்ட்டு. இருபத்திமூணு ஆயிடுச்சு. மேல தீபாவளி ஆஃபர்னு ஒண்ணு புதுசா வச்சிருக்கான். அதால ஒண்ணு கூடிப்போச்சு. பாப்பா திட்டுச்சு. பயத்துல திட்டுது, பாவம்."

அம்மா அதை இன்னொருமுறை போடச் சொன்னாள். நான் போடவில்லை.

மறுநாள் ஆன்லைன் மீட்டிங்கில் எட்டுப் பேர். சார், "ஏன்மா, சைன் ஆய்தா?" என்றார். காலேஜ் சேர்ந்த நாள் என்னை பஸ் ஏற்றிவிடும்போது நீங்கள் சொன்னது ஞாபகம் வந்தது: "லிஃப்டுல ஏறி மாடி சொல்லாம நின்னா, யாரு பாப்பா உன்னக் கொண்டுபோய் விடுவா?" மைக்கை ஆன் செய்தேன்.

"சார், இன்னும் இல்ல. அந்த அக்கா பட்டனக் கேட்டு அமுக்கல. எண்ணி அமுக்கினாங்க."

"இருக்கட்டும்மா. முடிஞ்சுதே?"

"ஒண்ணே ஒண்ணு மாத்திப் பாக்கலாமா சார்? மேல ஒரு ஆஃபர் விளம்பரம் வெக்கறேன். லேப்காரங்க எப்படியும் பண்டிகைக்கு வெப்பாங்க."

நாங்கள் சோதனைக்கு வைத்திருக்கிற நகல் தளத்தில் அதைச் சேர்த்தேன். கஸ்தூரி அக்காவைப் போனில் கூப்பிட்டேன். சாப்பாட்டு இடைவேளையில் இருந்தார். "அக்கா, ஒரு இடத்துல ஒண்ணு மாத்தியிருக்கோம். எங்கன்னு சொல்ல மாட்டேன். மறுபடி சர்க்கரை டெஸ்ட் புக் பண்ணிப் பாக்கறீங்களா?"

"பரீட்சையா? வை, பாக்கறேன்."

ஸ்பீக்கரில் கேட்டோம். படம், பட்டன், படம். எட்டுப் பேரும் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு தட்டு. அவருடைய போன் தெளிவாகச் சொன்னது: "ஆண்களுக்கான முழு உடல் பரிசோதனை. முன்பதிவு முடிந்தது."

"அய்யய்யோ, இதுக்கு எத்தனை மணி நேரம்மா நான் பட்டினி கெடக்கணும்?" என்றார் அக்கா.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சாரும் சிரித்தார். பிறகு நிறுத்திவிட்டார். என் முகத்தில் என்ன பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்திருப்பார்.

"பட்டன்னு பேர் வச்சது நான்தாம்மா" என்றார், மெதுவாக. "அரை மணி நேரத்துல முடிச்சேன். டூல் பச்சை காட்டிச்சு, விட்டுட்டேன். இப்ப என்ன மாடோது?"

"பேர் வெக்கணும் சார். ஒவ்வொண்ணா."

லேபுக்குக் கோபம். தளம் இன்னும் தயாராகவில்லை என்று ஆணையர் அலுவலகத்துக்கு எழுதி, கூடுதல் நாள் கேட்டார்கள். நானும் இன்னொரு பெண்ணும் மூன்று வாரம் உட்கார்ந்து பெயர் வைத்தோம். என்னென்ன கேள்விகள் வந்தன தெரியுமா? வெள்ளைச் சட்டை போட்டுச் சிரிக்கிற குடும்பத்தின் படத்துக்கு என்ன எழுதுவது? கஸ்தூரி அக்காவைக் கேட்டேன். "அதைச் சொல்லவே சொல்லாத. எவனோ சிரிக்கிறத கேட்டு நான் என்ன பண்றது?" என்றார். எதைச் சொல்ல வேண்டும் என்பதைப் போல, எதைச் சொல்லாமல் விடலாம் என்பதும் தரத்தில் இருக்கிறது. 'முன்பதிவு முடிந்தது' என்பதையும் மாற்றினோம். இப்போது அது என்ன டெஸ்ட் என்பதோடு எந்த நாள், எத்தனை மணி என்றும் சொல்லிவிட்டுத்தான் நன்றி சொல்லும்.

போன வெள்ளிக்கிழமை அக்கா மறுபடி வந்தார். உதடு அசையவில்லை. பாதியில் என்னிடம் டீ கேட்டார், அவருடைய தங்கச்சி பெண்ணுக்கு வரன் பார்ப்பதைப் பற்றிப் பேசினார், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். சர்க்கரை டெஸ்ட் புக் ஆனது. "என்னவோ, மனசுக்கு வேலையே இல்லாத மாதிரி இருக்கும்மா" என்றார். அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போட்டேன்.

கீழே அந்த ஐந்து படி அப்படியே இருக்கிறது. சார் கட்டட ஓனரிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் வாரம் ஒருமுறை ஞாபகப்படுத்துகிறேன், சாட்டில்தான். எல்லாவற்றையும் ஒரே நாளில் எதிர்பார்க்காதீர்கள்.

அப்பா, அன்றைக்கு நீங்கள் தப்பாக அமுக்கவில்லை. உங்கள் கணக்கு சரியாகத்தான் இருந்தது. அது உங்களுக்கு மறுநாளே தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் இவ்வளவு நாளானது. தெரிந்தும் ஏன் என்னிடம் சொல்லவில்லை? "மேல ஒண்ணு கூடிப்போச்சு பாப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் உங்களைத் திட்டியதை நிறுத்திவிட்டு அவர்களைத் திட்டியிருப்பேனே. இல்லை, அப்போது அதுவும் செய்திருக்க மாட்டேனோ? உங்கள் கையிலிருந்து போனைத்தான் வாங்கியிருப்பேனோ?

என்னை மன்னித்துவிடுங்கள். பட்டினி கிடந்தது நீங்கள், பிழை என்று பெயர் வைத்தது நான்.

நேற்றுக் காலை உங்கள் போனில் அந்தப் பழைய லேபைத் திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு எண்ணினேன். இப்போது இருபத்தாறு. இன்றைக்கும் யாரோ ஒருவர் சட்டை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் உட்கார்ந்திருக்கலாம். புகாரை எழுதி வைத்திருக்கிறேன். கஸ்தூரி அக்காவும் அவர் பெயரைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறார். நாளை ஆணையர் அலுவலகத்துக்கு நானே நேரில் போய்க் கொடுக்கிறேன். ஜன்னலில் இருப்பவர் என்ன விஷயம் என்று கேட்டால் காகிதத்தை மட்டும் நீட்டிவிட்டு நிற்க மாட்டேன். வாயைத் திறந்து சொல்வேன். யாரும் எண்ணாமல் போய்ச் சேருகிற வரைக்கும், திரும்பத் திரும்பப் போவேன்.

இப்படிக்கு,
மாடியைச் சொல்லக் கற்றுக்கொண்டுவிட்ட
உங்கள் பாப்பா